கருவிக்கு என்ன தெரியும்? ரயில் சிமுலேட்டரில் பாதுகாப்பு முறைகளைக் கற்றுத்தர முழுமையான வழிகாட்டி

சிமுலேட்டரில் ரயில் ஓட்டிப் பழகிய பிள்ளையிடம் "இப்போ அலாரம் ஏன் அடிச்சது?" என்று கேட்டுப் பாருங்கள். "தெரியல சார், 'கியூ' விசையை அழுத்தினா நின்னுடும்" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். விளையாட்டுக்கு அது போதும். பாதுகாப்பு முறையைக் கற்றுக்கொள்ள வந்தவருக்கு அதைவிட மோசமான பழக்கம் கிடையாது.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் பாலிடெக்னிக் ஆய்வகத்திலோ பள்ளிக் கணினி அறையிலோ ஏழெட்டுப் பேருக்கு வகுப்பெடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். ஒவ்வொரு கருவியை அறிமுகம் செய்யும்போதும் இரண்டு கேள்விகளைப் பலகையில் எழுதுங்கள்: இந்தக் கருவிக்கு என்ன தெரியும்? என்ன தெரியாது? எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை அதற்குப் பிறகு சொன்னால் போதும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் மாணவர் பொத்தானை மட்டும் பிடித்துக்கொள்வார், மற்றது ஏறாது.

ஆய்வகத்தைத் தயார் செய்தல்

தொடங்குவதற்கு ஓப்பன் ரெயில்ஸ் என்ற ரயில் சிமுலேட்டர் போதும். இலவசம், பழைய கணினியிலும் ஓடும், மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டருக்காகச் செய்யப்பட்ட பாதைகளையும் வண்டிகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளும். பிரிட்டிஷ், ஜெர்மன் முறைகளுக்கு ஒரே ஒரு கணினியில் ட்ரெயின் சிம் வேர்ல்டு இருந்தால் போதும், முறை வைத்து ஓட்டலாம்.

ஓப்பன் ரெயில்ஸின் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் நான்கு மாற்றங்கள் செய்யுங்கள். எளிய கட்டுப்பாடு, எளிய இயற்பியல் என்ற தேர்வை எடுத்துவிடுங்கள். கேபின் அலாரத்தை இயக்குங்கள். ஏர் பிரேக்கைப் படிப்படியாகத் தளர்த்தும் தேர்வைப் போடுங்கள், ஏனென்றால் நம் ஊர்ப் பயணிகள் பெட்டிகளில் பிரேக் அப்படித்தான் தளரும். அழுத்த அலகை கிலோ/சதுர செ.மீ. என்று மாற்றுங்கள். இந்தக் கடைசி மாற்றம் சின்னதாகத் தெரியும். ஆனால் பிரேக் பைப்பில் (பெட்டிகள் நெடுக ஓடும் காற்றுக் குழாய்; அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும்) 5 கிலோ என்று பாடத்தில் சொல்லிவிட்டுத் திரையில் 71 பி.எஸ்.ஐ. காட்டினால் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும்.

ஒரு கணினிக்கு இருவரை உட்கார வையுங்கள். ஒருவர் லோகோ பைலட் (ரயில் ஓட்டுநர்), மற்றவர் உதவி லோகோ பைலட். சிக்னல் கண்ணில் பட்டதும் இருவரும் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்திய ரயில்வேயில் அன்றாடம் நடக்கும் முறை இதுதான். வகுப்பில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு: மாணவர் சிக்னலைப் பார்த்து ஓட்டுகிறாரா, திரை ஓரப் பெட்டியைப் பார்த்து ஓட்டுகிறாரா என்பது குரல் வரும் நேரத்திலேயே தெரிந்துவிடும். ஹெட்ஃபோன் வேண்டாம், சின்ன ஸ்பீக்கர் வையுங்கள். அலாரம் இருவர் காதிலும் விழ வேண்டும். மின்வெட்டு உள்ள ஊரென்றால் யு.பி.எஸ். இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். நாற்பது நிமிட ஓட்டம் பாதியில் அணைந்தால் அடுத்த வகுப்புக்குப் பாதிப்பேர்தான் வருவார்கள்.

முதலில் பிரேக், அதற்குப் பிறகுதான் சிக்னல்

ரயில் உடனே நிற்காது என்பதால்தான் இத்தனை பாதுகாப்பு முறைகளும் பிறந்தன. அது உடம்பில் ஏறாதவருக்கு எந்த அலாரமும் வெறும் தொல்லைதான்.

மேடு பள்ளம் இல்லாத பாதையாகத் தேர்ந்தெடுங்கள். டெல்டா பாதைகளின் நல்ல குணமே அதுதான்: சரிவு குறுக்கே வந்து கணக்கைக் குழப்பாது. நீளமான பயணிகள் வண்டியை 50 கி.மீ. வேகத்தில் ஓட்டி, குறித்த கம்பத்தில் முழு சர்வீஸ் பிரேக் (எமர்ஜென்சி இல்லாமல் போடக்கூடிய அதிகபட்ச பிரேக்) போட்டு, நின்ற இடம்வரை உள்ள தூரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு அதே வண்டி, அதே கம்பம், 100 கி.மீ. வேகம். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதை அவர்கள் கையாலேயே எழுதட்டும்.

பிரேக் பைப் முள்ளையும் அதே வகுப்பில் காட்டிவிடுங்கள். 5 கிலோவில் இருந்தால் பிரேக் விட்ட நிலை. அரைக் கிலோ அளவு குறைத்தால் முதல் பிடி. ஒன்றரைக் கிலோ குறைத்தால் முழு சர்வீஸ். எமர்ஜென்சியில் பூஜ்யம். பூஜ்யத்துக்குப் போன பைப்பை மறுபடி நிரப்ப நேரம் பிடிக்கும். நீள வண்டியில் கடைசிப் பெட்டி தளரும் முன் நாட்ச் (இன்ஜின் இழுவையைக் கூட்டும் படி) கொடுக்கும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். "வண்டி நகரல சார்" என்ற புகாரில் பாதிக்கு இதுதான் காரணம்.

சிக்னலும் கேட்டும்

முதல் ஓட்டத்தில் எஃப் 4 அழுத்தி டிராக் மானிட்டரைத் திறந்து வையுங்கள். அடுத்த சிக்னல், தூரம், வேக வரம்பு மூன்றும் அதில் தெரியும். இரண்டாவது ஓட்டத்திலிருந்து அதை மூடிவிடுங்கள். மூடாமல் ஓட்டிப் பழகினால் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே மாட்டார்கள்.

இரட்டை டிஸ்டன்ட் உள்ள ஸ்டேஷனைப் பலகையில் வரையுங்கள். ஸ்டேஷனுக்குள் நுழைய அனுமதி தருவது ஹோம் சிக்னல்; அதன் நிலையை முன்கூட்டியே சொல்வது டிஸ்டன்ட். ஹோம் சிக்னலுக்கு 2 கி.மீ. முன்னால் டிஸ்டன்ட், 1 கி.மீ. முன்னால் உள் டிஸ்டன்ட். ஹோம் சிவப்பில் இருந்தால் டிஸ்டன்டில் இரட்டை மஞ்சள், உள் டிஸ்டன்டில் ஒற்றை மஞ்சள். ஹோமைத் தாண்டி 180 மீட்டர் ஓவர்லேப் (வண்டி தவறித் தாண்டினாலும் மோதாமலிருக்க விடும் இடம்) காலியாக இருக்க வேண்டும். இந்த மூன்று எண்களையும் அழிக்காமல் விட்டுவையுங்கள், அடுத்த வகுப்பில் வேலை இருக்கிறது.

இன்டர்லாக்கிங் என்றால் என்ன என்பதைப் படம் போட்டு விளக்குவதைவிட நீடாமங்கலம் கேட்டை நினைவுபடுத்துங்கள். அங்கே காத்துக் கிடக்காதவர் டெல்டாவில் குறைவு. 'ரயில் கண்ணிலேயே படல, எதுக்கு இவ்வளவு சீக்கிரம் மூடறாங்க?' என்று எல்லோரும் கேட்டிருப்பார்கள். கேட் மூடிப் பூட்டப்பட்டால்தான் அதோடு இணைந்த சிக்னலைத் தளர்த்த, அதாவது வண்டி வர அனுமதிக்கும் நிலைக்கு மாற்ற, முடியும். இந்தப் பிணைப்புதான் இன்டர்லாக்கிங். வண்டி வேகம் குறையாமல் வரவேண்டுமென்றால் அந்தச் சிக்னல் டிஸ்டன்டிலேயே பச்சையாகத் தெரிய வேண்டும். 100 கி.மீ. வேகத்தில் 2 கி.மீ. என்பது 72 நொடி. அதற்கும் முன்பே கேட் மூடியாக வேண்டும். இன்ஜின் மாற்றும் ஷன்டிங்கும், நெல் ஏற்றிய சரக்கு வண்டியும் சேர்ந்துகொண்டால் காத்திருப்பு இன்னும் நீளும். கணக்கைப் போட்டதும் வகுப்பில் ஒரு முணுமுணுப்பு எழும். பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

'ஜி' என்று குறியிட்ட கேட் சிக்னல் சிவப்பாக இருந்தால் விதி வேறு. ஹாரன் அடித்து, சிக்னலுக்கு முன் நின்று, பகலில் 1 நிமிடம், இரவில் 2 நிமிடம் காத்திருந்து, அப்போதும் மாறாவிட்டால் கேட் வரை மெதுவாக ஊர்ந்து போகலாம். கேட்கீப்பரோ, அவர் இல்லாவிட்டால் உதவி லோகோ பைலட்டோ காட்டும் கை சிக்னலைப் பார்த்தே கேட்டைத் தாண்டலாம். ஓப்பன் ரெயில்ஸில் டேப் விசையை அழுத்தினால் சிவப்பைத் தாண்ட அனுமதி கேட்கலாம். மாணவர்கள் நின்ற மறுநொடி அதை அழுத்துவார்கள். உதவி லோகோ பைலட் கையில் ஸ்டாப்வாட்ச் கொடுத்துவிடுங்கள். நேரம் முடிந்து அவர் சொன்ன பிறகே டேப்.

வீட்டுப்பாடமாகப் பிளாட்பாரத்தில் நின்று ஸ்டார்ட்டர் சிக்னலை (வண்டி புறப்பட அனுமதி தருவது) கவனித்து வரச் சொல்லலாம். பிளாட்பாரத்தோடு சரி. தண்டவாளத்தில் இறங்குவதோ கேட்டுக்குள் நுழைவதோ கூடாது என்பதைப் பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள்.

வி.சி.டி: விழித்திருக்கிறாரா?

ஓட்டுநர் விழித்திருக்கிறாரா என்று பார்க்க இந்திய இன்ஜின்களில் உள்ள விஜிலன்ஸ் கருவி (வி.சி.டி) எளிமையானது. அதனால் இதிலிருந்து தொடங்குங்கள். லோகோ பைலட் நாட்ச், பிரேக், ஹாரன் என எதையும் 60 நொடி தொடவில்லையென்றால் விளக்கு மின்னும். 8 நொடியில் பதில் இல்லையென்றால் பஸ்ஸர். இன்னும் 8 நொடி போனால் தானாகப் பிரேக் விழும். விழுந்த பிரேக்கைச் சுமார் 32 நொடி கழித்துத்தான் விடுவிக்க முடியும்.

ஓப்பன் ரெயில்ஸில் இதைக் கிட்டத்தட்ட அமைத்துவிடலாம்:

1. இன்ஜின் கோப்பை வேறிடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.
2. கோப்பை நோட்பேடில் திறந்து விஜிலன்ஸ் மானிட்டர் பகுதியைத் தேடுங்கள்.
3. கண்காணிப்பு நேரம் 60, அலாரம் நேரம் 16, பெனால்டி நேரம் 32 என்று மாற்றுங்கள். விளக்கு, பஸ்ஸர் என்ற இரண்டு கட்டமும் இங்கே ஒரே அலாரமாகச் சேர்ந்து வரும். அதை வகுப்பில் சொல்லிவிடுங்கள்.
4. கோப்பு எந்த எழுத்துக் குறியாக்கத்தில் இருந்ததோ அதிலேயே சேமியுங்கள். பழைய கோப்புகள் யூனிகோடில் இருக்கும். மாற்றிச் சேமித்தால் இன்ஜின் பட்டியலிலேயே வராமல் போகலாம்.
5. ஓட்டும்போது அலாரத்துக்குப் பதில் சொல்ல 'இசட்' விசை.

இப்போது பலகையில் விட்டுவைத்த எண்களுக்குத் திரும்புங்கள். வண்டி 100 கி.மீ. வேகம், அதாவது நொடிக்கு 27.8 மீட்டர். லோகோ பைலட் டிஸ்டன்டைக் கடக்கும் நொடியில் கடைசியாக ஹாரன் அடித்துவிட்டுக் கண் அயர்கிறார் என்று வையுங்கள். 60 நொடியில் 1,667 மீட்டர் போய்விடும். உள் டிஸ்டன்டின் ஒற்றை மஞ்சள் எப்போதோ பின்னால் போயாயிற்று. விளக்கு மின்னத் தொடங்கும்போது ஹோமுக்கு இன்னும் 333 மீட்டர்தான். பஸ்ஸர் அடிக்கும்போது 111 மீட்டர். 76வது நொடியில் பிரேக் விழத் தொடங்கும்போது வண்டி சிவப்பு ஹோமைத் தாண்டி 111 மீட்டர் போயிருக்கும். ஓவர்லேப்பில் மிச்சம் 69 மீட்டர். முதல் வகுப்பில் அளந்த பிரேக் தூரத்தைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கை நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள், அவர்களே போடட்டும். வி.சி.டிக்குக் கை அசைந்ததா என்பது மட்டும் தெரியும். சிக்னல் என்ன நிறம், வேகம் என்ன, எதிரே என்ன நிற்கிறது என எதுவுமே தெரியாது. தூங்காமல், ஆனால் சிக்னலைக் கவனிக்காமல் ஓட்டுபவரை அது ஒருபோதும் தடுக்காது.

ஏ.டபிள்யூ.எஸ், டி.பி.டபிள்யூ.எஸ்

பிரிட்டிஷ் பாதைக்கு மாறுங்கள். முதலில் ஏ.டபிள்யூ.எஸ் என்ற தானியங்கி எச்சரிக்கை முறை. சிக்னலுக்குச் சுமார் 180 மீட்டர் முன்னால் தண்டவாளத்துக்கு நடுவே காந்தம் இருக்கும். பச்சை என்றால் மணி. மற்ற எதுவாக இருந்தாலும் ஹார்ன். 2 நொடிக்குச் சற்று மேலான அவகாசத்தில் பொத்தானை அழுத்தாவிட்டால் பிரேக். அழுத்தினால் கேபினில் உள்ள வட்டம் மஞ்சள்-கறுப்பாக மாறி, 'எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டாய்' என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

ஒற்றை மஞ்சளுக்கும் இரட்டை மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஒரே ஹார்ன்தான் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். நெரிசலான பாதையில் மஞ்சளுக்குப் பின் மஞ்சளாக வரும்போது கை தானாகப் பொத்தானுக்குப் போய்விடும். 1999 அக்டோபர் 5 அன்று லண்டனின் லாட்ப்ரோக் க்ரோவில் ஒரு ரயில் சிவப்பைத் தாண்டி எதிர் ரயிலில் மோதி 31 பேர் இறந்தார்கள். ஏ.டபிள்யூ.எஸ் எச்சரிக்கை ஒலித்தது, ஓட்டுநர் அதை ஏற்கவும் செய்தார். முந்தைய ஆண்டுகளிலேயே திட்டமிடப்பட்டிருந்த டி.பி.டபிள்யூ.எஸ் என்ற ரயில் பாதுகாப்பு, எச்சரிக்கை முறையை விரைந்து பொருத்த அந்த விபத்தும் ஒரு காரணம்.

டி.பி.டபிள்யூ.எஸ்-க்கு ஓட்டுநரின் சம்மதம் தேவையில்லை. தண்டவாளத்தில் இரண்டு வளையங்கள். முதல் வளையத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கும், பயணிகள் வண்டிக்குச் சுமார் 1 நொடி. அதற்குள் இரண்டாவது வளையத்துக்கு வந்துவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள், பிரேக் விழும். வளையங்களுக்கு இடையே 20 மீட்டர் இருந்தால் வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். நொடிக்கு 20 மீட்டர், அதாவது 72 கி.மீ. இந்த வளையங்களுக்கு ஒரு புள்ளியில் உள்ள வேகம் மட்டும் தெரியும். அவற்றைத் தாண்டிய பின் நாட்ச் கொடுத்தால் அவற்றுக்குத் தெரியாது. பிரேக் விழுந்தால் 1 நிமிடம் பிடித்தபடியே இருக்கும். மாணவர்கள் அதற்குள் எல்லா விசையையும் அழுத்திப் பார்த்து விளையாட்டு உறைந்துவிட்டது என்பார்கள்.

சென்னை–கும்மிடிப்பூண்டி பாதையில் டி.பி.டபிள்யூ.எஸ் என்று சொல்லப்படுவது வேறு கருவி. அது இ.டி.சி.எஸ் என்ற ஐரோப்பிய ரயில் கட்டுப்பாட்டு முறையின் முதல் நிலையைச் சேர்ந்தது. இரண்டையும் ஒரே பாடத்தில் கலக்காதீர்கள்.

பி.இசட்.பி: இங்கே அவசரப்படாதீர்கள்

அதிகம் பேர் தடுமாறுவது பி.இசட்.பி என்ற ஜெர்மன் பாதுகாப்பு முறையில்தான். தண்டவாளத்தோரக் காந்தங்கள்தான் இதில் வண்டிக்குச் செய்தி சொல்லும். இரண்டு வகுப்பாகப் பிரியுங்கள்.

முதல் வகுப்பில் மூன்று காந்தங்கள் மட்டும். முன் சிக்னலில் (நம் டிஸ்டன்ட் போன்றது) 1000 ஹெர்ட்ஸ், முதன்மைச் சிக்னலுக்குச் சுமார் 250 மீட்டர் முன்னால் 500 ஹெர்ட்ஸ், சிவப்பான முதன்மைச் சிக்னலில் 2000 ஹெர்ட்ஸ். கடைசியைத் தாண்டினால் பேச்சே இல்லை, உடனே பிரேக். 1000-ஐத் தாண்டினால் 4 நொடிக்குள் பேஜ் டவுன் அழுத்த வேண்டும். வேகமான பயணிகள் வண்டியென்றால் 23 நொடிக்குள் 85 கி.மீ-க்குக் கீழே வர வேண்டும். 500-ஐ 65 கி.மீ-க்குக் கீழே கடந்து, அடுத்த 153 மீட்டருக்குள் 45-க்கு இறங்க வேண்டும்.

மாணவர் பேஜ் டவுனை அழுத்திவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார், சிறிது நேரத்தில் பிரேக் விழும். ஒப்புக்கொண்டால் போதாது, வேகத்தையும் குறைக்க வேண்டும். 120-லிருந்து 85-க்கு 23 நொடியில் வர, ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 0.42 மீட்டர் அளவு வேகம் குறைய வேண்டும். முதல் 4 நொடி சும்மா இருந்தால் அது 0.51 ஆகிவிடும். இடது கை விசையில், வலது கை பிரேக்கில். இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

இரண்டாம் வகுப்பு கட்டுப்பாட்டு நிலைக்கு. கண்காணிப்பு நடக்கும்போது வண்டி 10 கி.மீ-க்குக் கீழே 15 நொடி ஊர்ந்தாலோ நின்றாலோ கருவி தானாக இறுகிவிடும். 70, 85 விளக்குகள் மாறி மாறி மின்னும். இப்போது வரம்பு 45, 500 ஹெர்ட்ஸுக்குப் பின் 25. ஸ்டேஷனில் நின்று பயணிகளை ஏற்றி, பச்சை கிடைத்து, உற்சாகமாக 60-க்கு ஏற்றும் மாணவருக்கு இங்கேதான் பிரேக் விழும். விளக்கு மின்னுகிறதா என்று உதவி லோகோ பைலட் ஒவ்வொரு புறப்பாட்டிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

700 மீட்டரில் 1000 ஹெர்ட்ஸ் விளக்கு அணைந்ததும் எண்ட் விசையால் விடுவித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த சிக்னல் பச்சை என்று கண்ணால் பார்த்த பிறகே. விடுவித்த பின் 500 ஹெர்ட்ஸ் காந்தம் வந்தால் உடனே பிரேக் விழும்: 'நிற்கப் போகிறேன் என்று தெரிந்தும் ஏன் விடுவித்தாய்?' என்று கருவி கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பி.இசட்.பி-க்கு அடுத்த சிக்னல் இடையில் பச்சையாக மாறியது தெரியாது. கடந்து வந்த காந்தத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கும். எண்ட் விசை இருப்பதே அதற்காகத்தான்.

விசைகள் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். வகுப்புக்கு முன் கட்டுப்பாட்டுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். இன்னொன்று, ட்ரெயின் சிம் வேர்ல்டில் பல இன்ஜின்களில் இந்தக் கருவிகள் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். 'இன்னிக்கு ஒரு பிரேக்கும் விழல' என்று மகிழும் மாணவரின் கேபினை முதலில் சோதியுங்கள்.

கவச்: மேசை மேல் ஒரு பாதை

கவச் 2020 ஜூலையில் இந்தியாவின் தேசியத் தானியங்கிப் பாதுகாப்பு முறையாக ஏற்கப்பட்டது. இதைத் திரையில் காட்டுவதைவிட மேசையில் கற்றுத்தருவது தெளிவாக இருக்கும்.

நீள மேசையில் நூல் கட்டி, கிலோமீட்டருக்கு ஒன்றாக அட்டைத் துண்டுகளை வையுங்கள். அவை ஆர்.எஃப்.ஐ.டி. டேக், அதாவது இன்ஜின் ரேடியோ அலையில் படிக்கும் இட அடையாளங்கள். சிக்னல் அருகிலும் ஒன்று. ஒருவர் ஸ்டேஷன் கவச், ஒருவர் இன்ஜின் கவச், ஒருவர் லோகோ பைலட். வண்டி டேக்கைத் தாண்டும்போது இன்ஜின் தன் இடத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி ஸ்டேஷனுக்கு அனுப்பும். எதுவரை வரலாம் என்று ஸ்டேஷன் பதில் எழுதும். அந்தத் தூரத்துக்குள் நிற்க இப்போதைய வேகம் பொருந்துமா என்று இன்ஜின் கணக்குப் போடும். பொருந்தாவிட்டால் எச்சரிக்கை, கேட்காவிட்டால் பிரேக். சீட்டுதான் இங்கே ரேடியோ. நடுவில் ஒரு சீட்டை நீங்கள் பிடுங்கிக்கொள்ளுங்கள். பழைய அனுமதியை நம்பி இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கலாமா என்று வகுப்பு விவாதிக்கட்டும்.

வி.சி.டிக்குத் தெரியாத இடம், தூரம், வேகம் மூன்றும் கவச்சுக்குத் தெரியும். 2022 மார்ச் 4 அன்று நடந்த சோதனையில், எதிரே நின்ற இன்ஜினுக்கு 380 மீட்டர் முன்பாக வண்டியைத் தானே நிறுத்தியது. ஆனால் கவச் பொருத்தாத வாகனமோ, தண்டவாளத்தில் நிற்கும் மாடோ அதற்குத் தெரியாது. விசில் போர்டு தாண்டி மாடு நிற்கும் காட்சி டெல்டாப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல, தாங்களாகவே சொல்வார்கள்.

சி-ஷார்ப் என்ற நிரல்மொழி தெரிந்த மாணவர் இருந்தால் அடுத்த வேலை கொடுக்கலாம். ஓப்பன் ரெயில்ஸ் இன்ஜினுக்குச் சொந்தமாகக் கட்டுப்பாட்டு ஸ்கிரிப்ட் எழுத வழி உண்டு. அடுத்த சிக்னலின் நிறம், தூரம், இப்போதைய வேகம் மூன்றையும் வாங்கிப் பிரேக் போடும் சின்ன ஸ்கிரிப்டே கவச்சின் கருவை விளக்கிவிடும்.

தேர்வு

பாதையைச் சொல்லாமல் ஓட்டக் கொடுங்கள். நேரத்தை மார்கழி விடியற்காலையாக வைத்துப் பனிமூட்டம் போடுங்கள். டெல்டாவில் அந்தப் பனியில் சிக்னல் எவ்வளவு தாமதமாகத் தெரியும் என்று வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஓட்டத்தில் ஒரு முறையாவது பிரேக் விழும்படி நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். விழுந்ததும் திரையை நிறுத்தி மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தக் கருவி போட்டது? அதற்கு அந்த நொடியில் தெரிந்தது என்ன? விடுவிக்க என்னென்ன நிபந்தனை? நாட்ச் பூஜ்யம், வண்டி முழு நிறுத்தம், காத்திருப்பு நேரம், பைப்பில் மறுபடி 5 கிலோ என்று கடைசிக் கேள்விக்கு வரிசையாகப் பதில் வர வேண்டும்.

ஓப்பன் ரெயில்ஸின் ஆக்டிவிட்டி மதிப்பீட்டில் வேக மீறலும் எமர்ஜென்சி பிரேக்கும் எண்ணிக்கையாக வரும். அதை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் பயந்து 30 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தவர்தான் முதலிடம் பிடிப்பார். கால அட்டவணைக்கும், சிக்னலைச் சரியான தூரத்தில் வாய்விட்டுச் சொன்னதற்கும் தனித்தனி மதிப்பெண் வையுங்கள். மூன்று கேள்விக்கும் பதில் சொல்லாதவரை, ஒரு பிரேக்கும் விழாமல் ஓட்டியிருந்தாலும், அடுத்த கருவிக்கு அனுப்பாதீர்கள்.